வீலி பழக வலது கால் முதலில்

கேள்வி: வயது 23. என்னிடம் 200 சிசி ஸ்ட்ரீட் பைக் இருக்கிறது. ஒரு மாதமாக வீலி, அதாவது முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டும் வித்தை, பழகுகிறேன். ஃபர்ஸ்ட் கியரில் ரேஸ் கொடுத்து ஹேண்டிலை இழுத்தால் முன்சக்கரம் ஒரு சாண் எழும்பி உடனே விழுந்துவிடுகிறது. கிளட்சைப் பிடித்துச் சட்டென்று விட்டபோது ஒருமுறை மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. பயத்தில் ஆக்ஸிலேட்டரை மூடினேன். கீழே இறங்கியதும் ஹேண்டில் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது, விழாமல் தப்பினேன். எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் தூக்க வேண்டும்? ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றலாமா? பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் ஏபிஎஸ் இடைஞ்சல் செய்யுமா? பின்னால் ஆளை உட்காரவைத்தால் சுலபம் என்கிறார்களே, உண்மையா? அதிகாலையில் ஆளில்லாத சாலையில்தான் பழகுகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் ஆக்ஸிலேட்டர் வருகிறது, கிளட்ச் வருகிறது, ஹேண்டில் வருகிறது. பின்பிரேக் ஓரிடத்தில்கூட வரவில்லை. ஒரு மாதமாக நீங்கள் தூக்க மட்டும் பழகியிருக்கிறீர்கள், இறக்கப் பழகவில்லை. இந்த வித்தையில் பாதிக்கு மேல் இறக்குவதுதான். கியர், ஆர்பிஎம் எல்லாம் அதற்குப் பிறகு.

சாலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பொதுச்சாலை எந்த நேரத்திலும் இதற்கு இடமில்லை. முன்சக்கரம் மேலே இருக்கும்போது உங்களுக்கு ஸ்டியரிங் கிடையாது, முன்பிரேக் கிடையாது, எதிரே இருப்பதும் பாதி தெரியாது. குறுக்கே ஒரு நாய் வந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. சட்டப்படி அது ஆபத்தான ஓட்டுதல். விபத்தானால் இன்சூரன்ஸும் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். உரிமையாளரின் அனுமதி பெற்ற, வாயிலை மூடி வைக்கக்கூடிய, 200 மீட்டராவது நீளமுள்ள, மண்ணும் ஜல்லியும் இல்லாத தளம் வேண்டும். இரண்டு பக்கமும் கம்பமோ சுவரோ கூடாது. லேசான ஏற்றம் இருந்தால் நல்லது: ஏற்றத்தில் சக்கரம் சற்றுச் சுலபமாக எழும்பும், வேகமும் தானாகக் கட்டுப்படும். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் நிற்பது ஓட்டும் கோட்டுக்குப் பக்கவாட்டில், தள்ளி. வீடியோ எடுக்க நேர் எதிரே போய் நிற்பவரை அழைத்துப்போகாதீர்கள்.

இப்போது உங்கள் பைக் ஏன் ஒரு சாணோடு நின்றது, கிளட்சை விட்டதும் ஏன் மார்பு வரை வந்தது என்று பார்ப்போம். கணக்கு சின்னதுதான்.

பைக் 150 கிலோ, நீங்கள் 70 கிலோ, மொத்தம் 220 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்த எடை மையம் பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து சுமார் 65 செ.மீ. முன்னால், தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். முன்சக்கரம் தரையை விட்டு எழ வேண்டுமானால் முடுக்கம் புவியீர்ப்பின் 65/70 பங்கு, அதாவது 0.93 மடங்கு, இருக்க வேண்டும். 220 கிலோவுக்கு அது ஏறக்குறைய 2000 நியூட்டன் தள்ளுவிசை. உங்கள் வகை இன்ஜின் 18 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் திறன்) தரும். ஃபர்ஸ்ட் கியரில் மொத்தப் பல்விகிதம் 30 அளவில் இருக்கும், அதாவது இன்ஜின் 30 முறை சுற்றினால் பின்சக்கரம் ஒருமுறை சுற்றும். பின்சக்கர ஆரம் 30 செ.மீ. பெருக்கி வகுத்தால் 1800 நியூட்டன். செயினும் கியர்பாக்ஸும் தின்றது போகத் தரைக்கு வருவது 1600. ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இந்தப் பைக் ஆக்ஸிலேட்டரை மட்டும் நம்பி எழாது. நீங்கள் பார்த்த அந்த ஒரு சாண், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் விரிந்ததும், உங்கள் கை இழுத்ததும் சேர்ந்து தந்தது. அதற்குமேல் தாங்க விசை இல்லை, விழுந்தது.

கிளட்ச் அந்தக் குறையை நிரப்புகிறது. கிளட்சைப் பிடித்து ஆர்பிஎம் ஏற்றும்போது கிராங்கிலும் ஃப்ளைவீலிலும் சுழலும் ஆற்றல் சேர்கிறது. விடும்போது அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மொத்தமாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. ஆபத்தும் இங்கேதான். சக்கரம் எழ எழ, தூக்கிவைத்திருக்கத் தேவையான விசை சரசரவென்று குறைகிறது. தரை மட்டத்தில் 0.93 மடங்கு தேவைப்பட்டது, 20 டிகிரியில் 0.42தான். 30 டிகிரியில் 0.23. சுமார் 43 டிகிரியில் பூஜ்யம்: எடை மையம் பின்டயருக்கு நேர் மேலே வந்துவிட்டது, அதுதான் சமநிலைப் புள்ளி. அப்போது முன்சக்கரம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதாவது தூக்கிய அதே விசையை அரை நொடி கூடுதலாக வைத்திருந்தால் பைக் உங்களைப் பின்னால் கவிழ்த்துவிடும். மார்பு உயரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எல்லைக்கு மிக அருகில் போய் வந்திருக்கிறீர்கள்.

ஆக்ஸிலேட்டரை மூடினால் இறங்காதா? சமநிலைப் புள்ளிக்கு முன்னால் இறங்கும், ஆனால் கட்டுப்பாடின்றி இறங்கும். தாண்டிய பிறகு இன்ஜின் பிரேக்கிங் மட்டும் போதும் என்று நம்பியிருக்க முடியாது. பயத்தில் கிளட்சையும் பிடித்துவிட்டால் அதுவும் போய்விடும். பின்பிரேக் அப்படியில்லை. இன்ஜின் ஓடினாலும் நின்றாலும், கிளட்ச் பிடித்திருந்தாலும் விட்டிருந்தாலும், பின்சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்வரை அது முன்பக்கத்தைக் கீழே இழுக்கும். மொத்த எடையும் பின்டயர் மேல் இருப்பதால் பிடிமானமும் தாராளம். சமநிலைப் புள்ளியை ஐந்து டிகிரி தாண்டிவிட்டீர்கள் என்றால் புவியீர்ப்பின் 0.09 மடங்கு வேகக்குறைப்பு போதும். பெடலில் லேசாகக் கால் வைத்தாலே கிடைக்கும். ஒரே நிபந்தனை, சக்கரம் உருள வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளட்சை விட்டுத் தூக்குகிறவர்கள் கவிழ்வது இதனால்தான்: நடை வேகத்தில் பிரேக் பிடிக்க அங்கே ஓட்டமே இல்லை.

1991இல் ஜப்பானின் யசுயுகி குடோ முன்சக்கரத்தை இறக்காமல் 331 கி.மீ. ஓட்டினார். அவர் ஓட்டியது 216 சிசி ஹோண்டா டிரையல்ஸ் பைக். பெரிய இன்ஜின் வேண்டும் என்று நண்பர்கள் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பழகும் முறைக்கு வருவோம். முதல் வேலை பிரேக் பெடலைச் சரிசெய்வது. வலது பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்டில் இருக்கும்போது, கணுக்காலைத் தூக்காமல் விரல்கள் பெடலைத் தொட வேண்டும். பெடல் உயரமாக இருந்தால் கால் தூக்கியே இருக்கும், பத்து நிமிடத்தில் களைத்துவிடும். தாழ்வாக இருந்தால் தேவைப்படும்போது எட்டாது. ஷூவைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, ஸ்பானரை வைத்து இந்த உயரத்தை அமையுங்கள். டிஸ்க் என்றால் பெடல் பாதியில் கெட்டியாக வேண்டும், பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். டிரம் என்றால் வெற்று ஆட்டம் 20 மி.மீ.க்குள் இருக்கட்டும், ஆனால் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும்.

அடுத்தது, முன்சக்கரத்தைத் தூக்காமலே ஒரு பயிற்சி. ஃபர்ஸ்ட் கியர், 15 கி.மீ. வேகம். ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திறந்து, முன்பக்கம் லேசாகும்போதே பின்பிரேக்கைத் தட்டுங்கள். மூக்கு குனியும். அழுத்தி நிறுத்த வேண்டாம், தட்டினால் போதும். இதை 50 முறை, அடுத்த நாள் மறுபடி 50 முறை. சலிப்பாக இருக்கும். கண் முன்பக்கம் எழுவதைப் பார்த்ததும், மூளை யோசிப்பதற்கு முன் கால் அமுங்க வேண்டும். அது வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். வீலி கற்றுத்தரும் பள்ளிகள் சிலவற்றில் பைக்கை ஒரு சட்டத்தில் கட்டி, குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் போகாதபடி பட்டை போட்டு இதையே பழக்குகிறார்கள். அப்படி ஓர் இடம் எட்டும் தூரத்தில் இருந்தால் காசு கொடுத்துப் போய் வாருங்கள். ஒரு முறை விழுந்தால் ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பிறகு கிளட்ச். சீட்டில் வழக்கத்தைவிட ஒரு கையகலம் பின்னால் உட்காருங்கள். 10 செ.மீ. பின்னால் போனால் மொத்த எடை மையம் 3 செ.மீ. பின்வாங்கும், 0.93 என்பது 0.88 ஆகும், சிறிய இன்ஜினுக்கு இது பெரிய உதவி. முழங்கால்கள் டேங்கைக் கவ்வியிருக்கட்டும். முழங்கைகள் கிட்டத்தட்ட நீட்டியிருக்கலாம், ஆனால் தொங்கக் கூடாது. ஃபர்ஸ்ட் கியரில் 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் நிதானமாக உருளுங்கள். இரண்டு விரலால் கிளட்சை, பிடிக்கத் தொடங்கும் புள்ளி வரை மட்டும் இழுங்கள். முழுக்க இழுக்க வேண்டாம். அதே கணத்தில் ஆக்ஸிலேட்டர். உங்கள் இன்ஜின் 8000 ஆர்பிஎம் பக்கம் உச்ச டார்க் தருமென்றால் 5000இலிருந்து தொடங்குங்கள், எழவில்லையென்றால் 500 ஏற்றுங்கள். கிளட்சை விடுவது வேகமாக, ஆனால் விரலை நழுவவிட்டு அல்ல; லீவரோடு விரல் கூடவே போக வேண்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 5000 எப்படி ஒலிக்கிறது என்று காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்கின் துள்ளலையும் சேர்த்துக்கொள்ளலாம். கிளட்சை இழுப்பதற்குச் சற்று முன் ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் மூடினால் முன்பக்கம் அமுங்கும். அது மேலே வரும்போது கிளட்சை விட்டால் ஸ்பிரிங்கும் உங்களோடு சேர்ந்து தூக்கும். இந்த நேரம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் 6000க்கு மேல் போக வேண்டியே வராது.

முதல் இலக்கு 15 செ.மீ. எழுந்ததும் உடனே பின்பிரேக்கால் இறக்குங்கள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். தானாக விழட்டும் என்று விட்டுவிட்ட ஒவ்வொரு முறையும் காலுக்குத் தவறான பாடம் போகிறது. பத்து முறை தொடர்ந்து பிரேக்கால் இறக்கிய பிறகே 30 செ.மீ., அதன் பிறகு 50. வேகம் 25 கி.மீ.யைத் தாண்ட வேண்டாம், காரணம் இருக்கிறது: கவிழப்போகிறது என்று தெரிந்தால் ஹேண்டிலை விட்டுவிட்டு இரண்டு காலையும் கீழே போட்டு ஓட வேண்டிவரும். 20 கி.மீ. என்பது விநாடிக்கு ஐந்தரை மீட்டர், ஓடிச் சமாளிக்கலாம். 40 கி.மீ. என்பது விநாடிக்கு 11 மீட்டர், ஒலிம்பிக் ஓட்டக்காரர்களின் வேகம். செகண்ட் கியரைப் பற்றி அரை மீட்டரில் நிலையாக இறக்கத் தெரிந்த பிறகு யோசியுங்கள். பெரிய பைக்குகளில் ஃபர்ஸ்ட் கியர் துடுக்காக இருப்பதால்தான் செகண்டில் தூக்குகிறார்கள். 200 சிசிக்கு அந்தப் பிரச்சினை குறைவு.

இறங்குவதில் இரண்டு தவறுகளைச் சேர்த்துச் செய்தீர்கள், அதனால்தான் ஹேண்டில் அடித்தது. ஒன்று, ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடினீர்கள். முன்பக்கம் கல் போல விழுந்து ஃபோர்க் அடிவரை அமுங்கியிருக்கும். பிரேக்கால் இறக்கும்போது, சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பிரேக்கை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் திறந்தால் மெத்தென்று உட்காரும். இரண்டு, ஹேண்டிலை இழுத்துத் தூக்கியதால் மேலே இருக்கும்போதே அது ஒரு பக்கம் திரும்பியிருக்கும். திரும்பிய சக்கரம் தரையைத் தொட்டால் அது தன் வழியில் இழுக்கும், பிறகு எதிர்ப்பக்கம், அதுதான் அந்த அடி. மறுபடி அப்படி ஆனால் ஹேண்டிலை இறுகப் பிடிக்காதீர்கள், முன்பிரேக்கைத் தொடாதீர்கள். முழங்காலால் டேங்கைக் கவ்வி, லேசான ஆக்ஸிலேட்டரில் வைத்திருந்தால் பெரும்பாலும் தானே அடங்கும். சக்கரம் காற்றில் இருக்கும்போதும் முன்பிரேக்கைத் தொடக் கூடாது. சுற்றாத சக்கரம் தரையில் இறங்கினால் டயர் கீச்சென்று இழுக்கும், நேராக இறங்கியிருந்தாலும் ஆட்டம் காட்டும்.

ஹேண்டிலை இழுக்கும் பழக்கத்தில் இன்னொரு கேடு உண்டு. முன்பக்கம் எழும்போது உடல் பின்னால் சரிகிறது. கை ஹேண்டிலில் தொங்குகிறது, மணிக்கட்டு தன்னால் மடங்கி ஆக்ஸிலேட்டரை மேலும் திறக்கிறது. மூட வேண்டிய நேரத்தில் திறக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். முழங்காலால் கவ்வச் சொன்னது இதற்காகத்தான். ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கும்போதே மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துத் தொடங்குங்கள், மேலும் முறுக்க இடமிருக்காது.

பக்கவாட்டில் சாய்ந்தால் திருத்த முயல வேண்டாம், இப்போதைக்கு இறக்கிவிடுங்கள். பெரும்பாலும் காரணம் பார்வைதான்: முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சாய்வது தெரியாது. மீட்டருக்குப் பக்கவாட்டில், தூரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள்.

உடையில் பேரமில்லை. முழுமுக ஹெல்மெட், முதுகுக் காப்பு, முழங்கை முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ், உள்ளங்கையில் கெட்டிப் பட்டை வைத்த கையுறை. பின்னால் கவிழ்பவர் பெரும்பாலும் வால் எலும்பில் உட்காருவார், இல்லாவிட்டால் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்வார். ஆகவே இடுப்புக்குப் பஞ்சு வைத்த உள்ளுடை ஆடம்பரமில்லை. மணிக்கட்டில் மாட்டும் கயிற்றோடு வரும் கில் சுவிட்ச் கிடைக்கிறது. நீங்கள் பைக்கை விட்டு விலகியதும் இன்ஜின் நிற்கும், ஆள் இல்லாத பைக் ஓடிப்போய் வேறொருவரை இடிக்காது.

வண்டிக்கு வருகிறேன். ஆயில் மட்டம் மேல்கோட்டில் இருக்க வேண்டும், கோட்டைத் தாண்டவும் கூடாது. முன்பக்கம் எழும்போது ஆயில் பின்னால் ஓடும்; பம்ப் உறிஞ்சும் வாய் முன்பக்கம் இருக்கும் இன்ஜின்களில் அது காற்றை இழுக்கும், முதலில் காய்வது மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட். இரண்டு மூன்று விநாடி வீலிக்குக் கவலையில்லை. ஆயில் லைட் மின்னினால் அன்றைய பயிற்சி முடிந்தது. பெட்ரோல் அரை டேங்காவது இருக்கட்டும். மேலே இருக்கும்போது இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் இருமினால் முன்பக்கம் தொப்பென்று விழும்.

கிளட்ச் பிளேட் சூடாகும். பத்து முயற்சிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிடுங்கள். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்கத் தொடங்கிவிட்டது. செயின் தளர்வு கம்பெனி கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும், பல பைக்குகளில் 20 முதல் 30 மி.மீ. தொளதொளவென்றிருக்கும் செயின் ஒவ்வொரு கிளட்ச் அடிக்கும் சம்மட்டி போல இழுபட்டு ஸ்ப்ராக்கெட் பல்லைத் தின்னும்.

உங்கள் பைக்கின் முன்சக்கரம் ஒருமுறை பலமாகத் தரையில் மோதியிருக்கிறது, ஆகவே அடுத்த பயிற்சிக்கு முன் கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கை, பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இல்லையென்றால் இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது போல் நின்றால் பேரிங் குழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்றால் தளர்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் ஆயில் கசிவு, ரிம்மில் நெளிவு, இரண்டையும் அப்போதே பாருங்கள். பின்டயர் காற்றைக் குறைக்கச் சொல்வார்கள். ஸ்டண்ட் ஓட்டுபவர்கள் குறைப்பது உண்மை, ஆனால் அந்த பைக்கை அவர்கள் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். நீங்கள் இதையே வீட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும், கையேட்டில் உள்ள அளவே இருக்கட்டும்.

ஸ்ப்ராக்கெட் இப்போது வேண்டாம். முன்பக்கம் 14 பல்லை 13 ஆக்கினால் விசை 7.7 சதவீதம் கூடும். பின்பக்கம் 42ஐ 45 ஆக்கினாலும் ஏறக்குறைய அதே 7 சதவீதம், ஆனால் செயினும் நீளமாக வேண்டும். கிடைக்கும் லாபம் சீட்டில் 10 செ.மீ. பின்னால் உட்கார்ந்தால் கிடைப்பதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பழகாத காலோடு இன்னும் வேகமாகத் தூக்கும் பைக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும் என்றால் உங்கள் பின்பிரேக் வழக்கம்போல வேலை செய்யும். இரண்டுக்கும் என்றால், காற்றில் தொங்கும் முன்சக்கரம் வேகம் குறைய, பின்சக்கரம் ஓட, இந்த வித்தியாசத்தைப் பல பைக்குகள் கோளாறு என்று எடுத்துக்கொண்டு ஏபிஎஸ் லைட்டைப் போட்டுவிடும். பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. சாவியை அணைத்துப் போட்டு, லைட் அணைந்ததை உறுதிசெய்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். டிராக்ஷன் கன்ட்ரோல் இருந்தால் அதுதான் பெரிய தொல்லை: பின்சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்துப் பாதியில் பவரை வெட்டும், முன்பக்கம் அடித்து இறங்கும். அணைக்க வழியிருந்தால் பயிற்சித் தளத்தில் அணையுங்கள், வெளியே வரும்போது போடுங்கள்.

கடைசியாக, பின்னால் ஆள். சுலபமாக எழும் என்பது உண்மைதான். 60 கிலோ ஆள் பின்சீட்டில் ஏறினால் எடை மையம் ஏறக்குறைய 9 செ.மீ. பின்னால் போகும், 0.93 என்பது 0.8க்கும் கீழே இறங்கும். அதே காரணத்தால் சமநிலைப் புள்ளியும் நான்கைந்து டிகிரி முன்கூட்டியே வந்துவிடும். பைக் எழும்போது அவரும் பின்னால் சாய்வார், உங்கள் இடுப்பைப் பிடித்து இழுப்பார், நீங்கள் ஆக்ஸிலேட்டரில் தொங்குவீர்கள். கவிழ்ந்தால் முதலில் தரையில் மோதுவது அவர் தலை, அதன்மேல் நீங்கள், அதன்மேல் 150 கிலோ பைக். நண்பரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் பின்பிரேக் லைட் எரிந்ததா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.